சேர்ந்தால் புத்தகம் வருமா?

சில நாள் முன்பு இங்கே ஒருவர் கேட்டிருந்தார்: "நான் தன்பாலீர்ப்பாளன். பேய்க்கதை, விண்வெளிக் கதை எல்லாம் எழுதுகிறேன், பாதி தமிழில், பாதி ஆங்கிலத்தில். அமெரிக்காவில் எங்களைப் போன்ற எழுத்தாளர்களுக்கும் அவர்களை வெளியிடும் பதிப்பாளர்களுக்கும் என்றே குழுக்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். சேர்ந்தால் புத்தகம் வருமா? சேர்வதற்கு வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா?" கேள்வி இரண்டுதான். ஆனால் படிக்கும்போது எனக்கு மூன்றாவது ஒன்றும் காதில் விழுந்தது: என் கதையை முகம் சுளிக்காமல், கதையாகவே எடுத்துப் படிக்க எங்காவது ஆள் இருக்கிறார்களா? நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் எந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 11 வருடமாக ஆங்கிலச் சிறுகதை இதழ்களுக்கு முதல் வாசிப்பு செய்கிறேன். வந்து குவியும் கதைகளைப் படித்து, ஆசிரியரிடம் எது போக வேண்டும் என்று பிரித்து வைக்கும் வேலை. அதற்கு முன்பிருந்தே நானும் எழுதுகிறவன், இப்படிப்பட்ட ஒரு குழுவில் உறுப்பினன். சிறுகதைப் பக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். ஏஜென்ட் பிடித்து நாவலைப் பெரிய பதிப்பகத்துக்கு விற்பதில் எனக்கு அனுபவம் கிடையாது, அதைப் பற்றிப் பேசமாட்டேன். ஒப்பந்தம் பற்றிக் கீழே சொல்வதும் பட்டறிவுதான், வக்கீலின் சொல் ஆகாது.

இந்தக் குழுக்கள் திடீரென்று முளைத்தவை இல்லை. 1940களில் லாஸ் ஏஞ்சலிஸ் சயின்ஸ் ஃபேன்டஸி சொசைட்டி என்ற ரசிகர் சங்கத்துக்கு டைக்ரினா என்ற புனைபெயரில் ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். இயற்பெயர் ஈடித் ஐட். ஆர்.கே.ஓ. சினிமா ஸ்டூடியோவில் செயலாளர் வேலை. வேலை இல்லாத நேரத்திலும் தட்டச்சு இயந்திரத்தின் முன் சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தெரியக் கூடாது என்பது மேலதிகாரி சொன்ன விதி. அந்த நேரத்தை எடுத்துக்கொண்டு 1947 ஜூனில் 'வைஸ் வெர்சா' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அமெரிக்காவில் பெண்களை விரும்பும் பெண்களுக்காக வந்த முதல் பத்திரிகையாக இன்று அறியப்படுவது அதுதான். ஐந்து தாள், நடுநடுவே கார்பன், விசையை ஓங்கி அடித்தால் ஐந்து பிரதி. முழு இதழையும் இன்னொரு முறை முதலிலிருந்து தட்டினால் மேலும் ஐந்து. ஆக, இதழுக்கு 10 பிரதி. முதலில் சிலவற்றைத் தபாலில் அனுப்பினார். இப்படிப்பட்டதைத் தபாலில் அனுப்பினால் வழக்கு வரும் என்று ஒரு தோழி எச்சரித்த பிறகு கையில் கொடுக்கத் தொடங்கினார். படித்துவிட்டுத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்தவரிடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்வார். 1948 பிப்ரவரி வரை 9 இதழ்கள் வந்தன. பிற்காலத்தில் லிசா பென் என்று பெயர் வைத்துக்கொண்டார். லெஸ்பியன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைக் கலைத்து அடுக்கிய பெயர் அது.

நம் ஊரில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தி, ஒரே பிரதியைத் தெருத்தெருவாகச் சுற்றவிட்டவர்களுக்கு அந்த 10 பிரதியின் அருமை தெரியும். அறிபுனை, அதாவது சயின்ஸ் ஃபிக்ஷன் ரசிகர்களிடம் அப்போதே இந்தப் பழக்கம் வேரூன்றியிருந்தது. வீட்டிலேயே தட்டச்சு செய்து, புனைபெயரில் எழுதி, முகம் பார்க்காத நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வேறு எங்கும் வாய் திறக்க முடியாதவர்களுக்கு அந்தப் பழக்கம் கை கொடுத்தது என்பது என் கணிப்பு. இந்த வட்டத்தில் ரசிகராக இருந்த ஜிம் கெப்னர் பின்னாளில் தன்பாலீர்ப்பாளர் இயக்கத்தின் முக்கியமான பத்திரிகையாளர் ஆனார். அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் தாள்களும் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இன்று இருக்கும் ஒன் ஆவணக் காப்பகத்தின் அடித்தளங்களில் ஒன்று.

ஆனால் அச்சிட்ட இதழ்கள் இந்த ரசிகர்கள் அளவுக்குத் தாராளமாக இருக்கவில்லை. 1953-ல் அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் தியோடர் ஸ்டர்ஜன் 'யுனிவர்ஸ்' இதழில் ஒரு கதை எழுதினார். பூமிக்கு வந்த அயல்கிரகக் காதல் ஜோடி, அவர்களைத் திருப்பிக் கொண்டுபோய்விடும் இரண்டு மாலுமிகள். அந்த மாலுமிகளில் ஒருவன் மற்றவன்மீது வெளியே சொல்ல முடியாத அன்பு வைத்திருக்கிறான். இவ்வளவும் உறுதி. இந்தக் கதையை முதலில் பார்த்த ஆசிரியர் ஒருவர், திருப்பி அனுப்பியதோடு நில்லாமல் மற்ற ஆசிரியர்களுக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லித் தடுக்கப் பார்த்தார் என்று ஒரு கதை இந்த வட்டாரத்தில் காலங்காலமாக உலவுகிறது. நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். அதை நான் செவிவழிச் செய்தியாகவே வைத்திருக்கிறேன், நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கதை திரும்பி வரும்போதும் இந்தப் பழக்கம் உதவும். ஏன் திருப்பினார்கள் என்பது பெரும்பாலும் வெளியே இருந்து தெரியாது.

பிறகு 1980களுக்கு வருவோம். 1983-ல் எரிக் கார்பரும் லின் பேலியோவும், அறிபுனையிலும் மிகுபுனைவிலும் (ஃபேன்டஸி) தன்பாலீர்ப்பாளர் வாழ்க்கை எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று தேடித் தொகுத்து ஒரு நூற்பட்டியல் வெளியிட்டார்கள். கதைகள் இருந்தன, எங்கே இருக்கின்றன என்று சொல்ல ஆள் இல்லாமல் இருந்தது. 1986-ல் பாஸ்டனில் கேலாக்சியன்ஸ் என்ற ரசிகர் குழு தொடங்கியது. தன்பாலீர்ப்பாளரைக் குறிக்கும் 'கே' என்ற ஆங்கிலச் சொல்லையும் 'கேலக்சி'யையும் ஒட்டிய பெயர். மற்ற நகரங்களிலும் கிளைகள் வந்தன. 1988-ல் மாசசூசெட்ஸ் கடலோர ஊரான பிராவின்ஸ்டவுனில் கேலாக்சிகான் என்ற முதல் மாநாட்டை நடத்தினார்கள். இதே மரத்திலிருந்துதான் 1990களின் கடைசியில் கேலாக்டிக் ஸ்பெக்ட்ரம் விருதுகள் வந்தன. இந்தச் சமூகத்தின் புத்தகங்களுக்கான லாம்ப்டா இலக்கிய விருதுகளிலும் ஊகப் புனைவுக்கு, அதாவது அறிபுனை, மிகுபுனைவு, திகில் எல்லாம் சேர்ந்த வகைக்கு, தனிப் பிரிவு இருக்கிறது.

விருது என்றால் பணக்காரப் புரவலர் ஒருவர் இருப்பார் என்று நினைப்போம். இங்கே அப்படி இல்லை. விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் நடந்துவந்த விஸ்கான் என்ற பெண்ணிய அறிபுனை மாநாட்டில் 1991-ல் எழுத்தாளர்கள் பேட் மர்ஃபியும் கேரன் ஜாய் ஃபௌலரும் ஒரு விருதை அறிவித்தார்கள். பாலினம் பற்றிய நம் எண்ணத்தை விரிக்கும் கதைகளுக்கான விருது. 2019-லிருந்து அதன் பெயர் அதர்வைஸ் விருது. பணம் திரட்ட அவர்கள் செய்த முக்கியமான காரியம், வீட்டில் பிஸ்கட்டும் கேக்கும் செய்து மாநாட்டு வளாகத்தில் மேசை போட்டு விற்றதுதான். எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், ரசிகர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு தட்டு கொண்டுவருவார்கள். ஜெயித்தவருக்கு 1000 டாலரும் சாக்லேட்டும். இந்த உலகம் எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள எனக்கு அந்த மேசை எப்போதும் உதவியிருக்கிறது. நீங்கள் வெளியிலிருந்து 'அமைப்பு' என்று பார்ப்பது, உள்ளே போனால் சம்பளம் இல்லாமல் மாலை நேரத்தில் உழைக்கும் ஏழெட்டுப் பேர்.

இன்றைக்கு இருப்பவற்றில் உங்களுக்குப் பொருந்துகிற சிலதை மட்டும் சொல்கிறேன். குவியர் சை ஃபை என்ற குழு 2014-ல் தொடங்கியது, எழுத்தாளர் ஜே. ஸ்காட் கோட்ஸ்வொர்த் முன்னின்று நடத்துவது. எழுதுபவர்களும் வாசிப்பவர்களும் கலந்து பேசும் இடம். ஆண்டுப் போட்டி ஒன்றும் நடத்திவந்திருக்கிறார்கள். ஒரே ஒரு சொல்தான் கருப்பொருள், கதை 300 சொல்லைத் தாண்டக் கூடாது. தேர்வானவற்றைத் தொகுத்துப் புத்தகமாக்குவார்கள், ஒரு புத்தகத்தில் 100 கதைக்கு மேல்கூட இருக்கும். நம் வார இதழ்களின் ஒரு பக்கக் கதை எழுதிப் பழகியவர்களுக்கு இந்த அளவு கைவந்த கலை. வாஷிங்டனில் டேவ் ரிங் நடத்தும் நியான் ஹெம்லாக் சிறு பதிப்பகம் குறுநாவல்களும் தொகுப்புகளும் போடுகிறது, அதன் பேஃப்லிங் இதழ் 1200 சொல்லுக்கு உட்பட்ட குறுங்கதைகளுக்கானது. ஸ்டீவ் பெர்மனின் லீத்தி பிரெஸ் 2001-லிருந்து இருக்கிறது.

இன்னொன்றை நான் எந்தத் தமிழ் எழுத்தாளரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. 2000-ல் தொடங்கிய ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ், அறிபுனை இணைய இதழ்களில் மிக மதிக்கப்படும் ஒன்று. அதைத் தொடங்கிய மேரி ஆன் மோகன்ராஜ் கொழும்பில் பிறந்த தமிழர், தன்னை இருபாலீர்ப்புள்ளவர் என்று வெளிப்படையாகச் சொல்லி எழுதிவருபவர். தெற்காசியர்கள் குடியேறிய ஒரு கிரகத்தில் நடக்கும் அவருடைய கதைநூல், அறிபுனையில் காமமும் காதலும் கலந்த கதைகளுக்காகவே 1992-ல் தொடங்கப்பட்ட சர்க்லெட் பிரெஸ் வழியாக 2013-ல் வந்தது. இந்த உலகத்தில் நாம் வெளியே நின்று எட்டிப் பார்க்கும் விருந்தாளிகள் இல்லை. வீடு கட்டியவர்களில் ஒருவர் நம்மவர்.

சரி, சேர்ந்தால் புத்தகம் வருமா? வராது. இதை நான் உறுதியாகச் சொல்லலாம். எந்தக் குழுவும் உறுப்பினர் என்பதற்காக உங்கள் கதையை அச்சிடாது, அப்படி அச்சிடுவதாகச் சொல்லும் இடத்திலிருந்து விலகி நில்லுங்கள். குழுவில் பதிப்பாளர்கள் இருப்பார்கள், அறிவிப்புகள் உங்கள் கண்ணில் சீக்கிரம் படும், ஒரு தொகுப்பாசிரியருக்கு உங்கள் பெயர் பழக்கமாகும். இவை சின்ன உதவிகள். அந்தப் பழக்கம் தேர்வில் எவ்வளவு எடை போடுகிறது என்று அளந்து சொல்ல முடியாது. நான் வேலை செய்த இதழ்களில் பாதிக்கு மேல் எழுதியவர் பெயரை மறைத்துத்தான் கதையை எங்களுக்குக் கொடுத்தார்கள், அங்கே பழக்கம் எதற்கும் உதவாது.

பிறகு எதற்குச் சேர வேண்டும்? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிரகத்தின் நிலவு ஒன்றில் பழுதான நிலையத்தைச் சரிசெய்யப் போகும் இரண்டு ஆண்களைப் பற்றி ஒரு கதை எழுதினேன். இருவரும் பல வருடமாகச் சேர்ந்து வாழ்பவர்கள். பொதுவான ஒரு எழுத்துப் பட்டறையில் எட்டுப் பேர் படித்தார்கள். ஆறு பேர் ஒரே கேள்வி கேட்டார்கள்: "இவர்கள் ஏன் இரண்டு ஆண்கள்? கதைக்கு அது ஏன் தேவை?" அவர்கள் கெட்டவர்கள் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்கள். நான் மூன்று மாதம் அதற்குப் பதில் எழுதினேன். அம்மாவோடு ஒரு பழைய சண்டை, ஊரை விட்டு வந்த கதை, ஒரு நீண்ட நினைவோட்டம். எல்லாவற்றையும் சேர்த்தபோது கதைக்கு மூச்சே நின்றுவிட்டது.

அதே கதையின் பழைய வடிவத்தை ஒரு வருடம் கழித்துப் பால்புதுமையர் (ஆங்கிலத்தில் 'குவியர்') குழு ஒன்றில் கொடுத்தேன். ஒஹாயோவில் நூலகராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி ஓரத்தில் எழுதியிருந்தார்: "4-ம் பக்கத்தில் 9 மணி நேரக் காற்றுதான் மிச்சம் என்கிறீர்கள். 11-ம் பக்கத்தில் விடிய விடியப் பேசுகிறார்கள், அப்புறம் சமைக்கிறார்கள். காற்று எங்கிருந்து வந்தது?" நான் அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருக்கு அந்த இருவரும் காதலர்கள் என்பது விளக்கம் தேவைப்படாத ஒன்று. அதனால் கதையின் நிஜமான ஓட்டை அவர் கண்ணில் பட்டது. நிஜமாகவே 9 மணி நேரம்தான் என்று வைத்துத் திருப்பி எழுதினேன். பேச்சைச் சுருக்க வேண்டியிருந்தது. ஒருவருக்கொருவர் சொல்லியே ஆக வேண்டியதை மட்டும் சொன்னார்கள். சமையல் போய்விட்டது, ஒரே ஒரு தேநீர் மட்டும் மிஞ்சியது. அந்தக் கதை 13 இடங்களிலிருந்து திரும்பி வந்து, 14-வது இடத்தில் வெளியானது. குழு எனக்கு வாங்கிக் கொடுத்தது அந்த ஒரு கேள்வியைத்தான், அதற்காக இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

முதல் வாசிப்பாளனாக மறுபக்கத்திலிருந்து பார்ப்பதையும் சொல்ல வேண்டும். இந்த வாழ்க்கையைத் தொடும் கதைகளில் இரண்டு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்று, நான் செய்த அதே தவறு: நம்ப மறுக்கும் வாசகர் ஒருவரை மனதில் வைத்து, கதையை நிறுத்திவிட்டு விளக்கம் சொல்வது. இரண்டு, காதலர்களில் ஒருவர் கடைசியில் செத்தே ஆக வேண்டும் என்று யாரோ விதி எழுதிவைத்தது போன்ற முடிவு. சோகத்தை நான் தள்ளிவைப்பதில்லை. ஆனால் அந்தச் சாவு கதைக்குள்ளிருந்து வந்ததா, இப்படிப்பட்டவர்கள் நன்றாக வாழ்ந்து முடிப்பதைக் கற்பனை செய்ய முடியாமல் வந்ததா என்று பார்ப்பேன். பல கிரகங்களைக் கற்பனை செய்ய முடிகிறவருக்கு, இரண்டு கிழவர்கள் சேர்ந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பதைக் கற்பனை செய்யக் கை நடுங்குவது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது.

பணத்துக்கு வருகிறேன், இங்கே பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் சங்கமான எஸ்.எஃப்.டபிள்யூ.ஏ. 2019-லிருந்து தொழில்முறை ஊதியம் என்று வைத்திருப்பது சொல்லுக்கு 8 சென்ட். 4000 சொல் கதைக்கு 320 டாலர். பல சிறு பதிப்பகங்களும் தொகுப்புகளும் இதைவிடக் குறைவாகத் தரும், சில இடங்களில் வெறும் பிரதி மட்டும். அதுவும் ஒரு வழிதான், தெரிந்து போனால் சரி. மாறாத விதி ஒன்று உண்டு: பணம் எழுத்தாளரை நோக்கித்தான் வர வேண்டும். அச்சுச் செலவு, அட்டைச் செலவு, 'திருத்தும் கட்டணம்' என்று உங்களிடம் கேட்டால் அவர் பதிப்பாளர் இல்லை, உங்களுக்குச் சேவை விற்கிறார். சந்தேகம் வந்தால் ரைட்டர் பிவேர் என்ற பக்கத்தைப் பாருங்கள். எழுத்தாளர்களை ஏமாற்றும் வலைகளை 1998-லிருந்து அம்பலப்படுத்திவருகிறார்கள், இலவசம். எங்கே என்ன கதை வாங்குகிறார்கள், எத்தனை நாளில் பதில் வருகிறது என்று தேட சப்மிஷன் கிரைண்டர் இருக்கிறது, அதுவும் இலவசம்.

சிறு பதிப்பகங்களுடன் ஒப்பந்தம் போடும்போது நான் முதலில் தேடுவது ஒரே ஒரு பத்தியை: உரிமை எப்போது என்னிடம் திரும்பும்? பதிப்பகம் மூடப்பட்டாலோ, புத்தகம் விற்பனையில் இல்லாமல் போனாலோ, ராயல்டி இத்தனை மாதம் வராவிட்டாலோ உரிமை திரும்பிவிடும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். என்னுடைய ஒரு கதை ஒரு சிறு பதிப்பகத்தின் தொகுப்பில் வந்தது. நல்ல மனிதர்கள், நம் ஆட்கள் என்று நம்பி அந்தப் பத்தியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். ஒன்றரை வருடத்தில் பதிப்பகம் ஓய்ந்துவிட்டது, மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை, கதையை வேறு எங்கும் கொடுக்க முடியாமல் நான்கு வருடம் கட்டிப்போடப்பட்டது. பால்புதுமையர் பதிப்பகங்கள் பல ஒரே ஆளின் முதுகில் நிற்பவை. அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் பதிப்பகத்துக்கும் உடம்பு சரியில்லை. நம்பிக்கை வையுங்கள், எழுத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி: வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா? தேவையில்லை. நான் பார்த்த எந்தக் குழுவும் யாரிடமும் சான்று கேட்டதில்லை. புனைபெயரில் சேரலாம், புனைபெயரிலேயே வெளியிடலாம். ஒப்பந்தத்திலும் பணம் அனுப்பும் இடத்திலும் மட்டும் சட்டப்பெயர் வேண்டியிருக்கும், அது அச்சில் வராது. சில இதழ்கள் 'இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் மட்டும் அனுப்பலாம்' என்று அறிவிப்பார்கள். அங்கேயும் உங்கள் சொல்லே போதும், அனுப்பும் கடிதத்தில் எதையும் விவரிக்க வேண்டியதில்லை.

ஆனால் இங்கே ஒரு கசப்பான விஷயத்தை மறைக்கக் கூடாது. 2020 ஜனவரியில் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற அறிபுனை இதழில் இசபெல் ஃபால் என்ற பெயரில் ஒரு கதை வந்தது. திருநர்களைக் கிண்டல் செய்யப் பரப்பப்பட்ட ஒரு வசையைத் தலைப்பாக எடுத்து, அதையே திருப்பிப் போட்டு எழுதிய கதை. எழுதியவர் யார் என்று தெரியவில்லை, பழைய படைப்புகள் இல்லை, ஆகவே எதிரியாகத்தான் இருக்க வேண்டும் என்று சந்தேகம் கிளம்பியது. கதையைப் படிக்காதவர்கள்கூடத் தாக்கினார்கள், தாக்கியவர்களில் இதே சமூகத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். எழுதியவர் கேட்டுக்கொண்டதால் இதழ் கதையை எடுத்துவிட்டது. அவர் ஒரு திருநங்கை, அதுவரை அதை வெளியே சொல்லாதவர் என்ற செய்தி அதன் பிறகே வந்தது. அடுத்த ஆண்டு அறிபுனையின் பெரிய விருதான ஹியூகோவின் இறுதிப் பட்டியலில் அந்தக் கதை இடம்பெற்றது, ஆனால் நடந்த காயம் நடந்ததுதான். 'நம்மவர் எழுதிய நம் கதை' என்று கேட்கும் ஆசை நியாயமானது. அந்த ஆசையே, சொல்லத் தயாராக இல்லாத ஒருவரைச் சொல்லவைக்கும் கட்டாயமாக மாறிவிடும். இதற்குச் சரியான தீர்வு என்ன என்று என்னிடம் பதில் இல்லை. என் சொந்தப் பழக்கத்தைச் சொல்கிறேன்: யாரென்று தெரியாதவரின் கதை என்னை உறுத்தினால், இரண்டாம் முறை படிக்கும்வரை அதைப் பற்றிப் பொதுவில் பேசமாட்டேன்.

கடைசியாக மொழி. பாதி தமிழில் எழுதுகிறேன் என்கிறீர்கள். அதை விட்டுவிடாதீர்கள். ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸின் கிளையாக 2017-ல் தொடங்கிய சமோவர், மொழிபெயர்ப்புக் கதைகளுக்கான இதழ். மூல மொழியையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிடுகிறார்கள். சென்னையில் குவியர் சென்னை க்ரானிக்கிள்ஸ் 2018-லிருந்து பால்புதுமையர் இலக்கிய விழா நடத்திவருகிறது, பதிப்பிப்பதும் உண்டு. ஊகப் புனைவுக்கென்று தனியானது இல்லை, ஆனால் தமிழில் உங்கள் வாசகர்களை நேரில் பார்க்கும் இடம் அது. சொற்களும் இன்று நம்மிடம் இருக்கின்றன. நான் எழுதத் தொடங்கியபோது 'தன்பாலீர்ப்பு' என்று எழுதினால் அச்சுப்பிழையா என்று கேட்டவர்கள் உண்டு. சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்த வழக்கையொட்டி 2022-ல் தமிழ்நாடு அரசே ஒரு சொற்களஞ்சியத்தை அரசிதழில் வெளியிட்டது.

தமிழுக்கு அறிபுனையில் ஒரு கூடுதல் வசதியும் இருக்கிறது. ஆணும் பெண்ணும் என்ற பிரிவே நிலையாக இல்லாத ஒரு கிரகத்தை 1969-ல் எழுதிய உர்சுலா லெ குவின், அந்த மக்களையெல்லாம் 'அவன்' என்று பொருள்படும் ஆங்கில ஆண்பால் பிரதிப்பெயராலேயே குறித்தார். அது சரியாக வரவில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார். மெலிசா ஸ்காட் 1995-ல் ஐந்து பாலினங்கள் கொண்ட உலகத்தை எழுதியபோது புதிய பிரதிப்பெயர்களையே உருவாக்க வேண்டியிருந்தது. நமக்கு 'அவர்' இருக்கிறது. 'அவர் வந்தார், கதவைத் திறந்தார், என் தலையைத் தடவினார்' என்று மூன்று பக்கம் எழுதலாம், ஆணா பெண்ணா என்று வாசகர் கேட்க மறந்துவிடுவார். இதற்கு விலையும் உண்டு. 'அவர்' என்றதுமே மரியாதை வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும், காதலர்கள் ஒருவரையொருவர் தள்ளி நின்று பார்ப்பது போல ஆகிவிடும். 'அவன்' என்ற சொல்லில் இருக்கும் நெருக்கம் அதில் வராது. நான் இதற்காகவே சில கதைகளை 'நீ' என்று முன்னிலையில் எழுதிப் பார்த்திருக்கிறேன், 'நீ வந்தாய்' என்பதில் பாலும் இல்லை, தூரமும் இல்லை. உங்கள் பேய்க்கதையில் முயன்று பாருங்கள். பேய்க்கு அது நன்றாகப் பொருந்தும்.

தொடங்குவதென்றால் 300 சொல்லில் ஒரு கதை எழுதி, ஒரு குழுவில் சேர்ந்து, முதல் மாதம் மற்றவர்கள் கதைகளைப் படித்துக் கருத்துச் சொல்லுங்கள், உங்களுடையதை அப்புறம் கொடுங்கள். அதற்கும் முன்னால் புனைபெயரை முடிவு செய்துவிடுங்கள். நடுவில் மாற்றினால் பழைய கதைகள் ஒரு பெயரிலும் புதியவை இன்னொரு பெயரிலும் சிதறிவிடும். அந்தப் பெயரில் தனி மின்னஞ்சல் திறந்து, அதிலிருந்து உங்களுக்கே ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள், அனுப்புநர் இடத்தில் எந்தப் பெயர் தெரிகிறது என்று. கதையின் வேர்ட் கோப்பிலும் 'ஆசிரியர்' என்ற இடத்தில் கணினியில் பதிந்த உங்கள் சொந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், அனுப்பும் முன் அதை அழித்துவிடுங்கள்.